பைன் காட்டுத் தீயும் கூலிக்காரன் உயிரும்

உத்தரகண்ட் மாநிலம் அல்மோரா ஜில்லாவிலுள்ள பின்சர் காட்டில், 2024 ஜூன் 13 அன்று தீயணைக்கச் சென்ற நால்வர் தீயில் சிக்கி மாண்டனர். அவர்களில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி. இன்னொருவர் தீக்காவலுக்கு அமர்த்தப்பட்டவர். காட்டைக் காக்கக் கூலிக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

இமயமலைச் சரிவுகளில் இந்தத் தீ ஏன் மூள்கிறது? கோடையில் பைன் மரம் ஊசி போன்ற இலைகளைக் கொட்டுகிறது. பிசின் கலந்த அந்தச் சருகு மெத்தைபோல் தரையை மூடுகிறது. குளிர்கால மழையும் பனியும் பொய்த்துவிட்டால் ஒரு பொறி போதும். பூமி சூடேற ஏற, காடு காயும் நாட்களும் கூடுகின்றன.

"கிராமத்தான் தீ வைக்கிறான்" என்று அதிகாரிகள் கைகாட்டுகிறார்கள். பெரும்பாலான தீ மனிதர் கையால் பிடிப்பது மெய்தான். ஆனால் காட்டுக்கும் கிராமத்துக்கும் பகை மூட்டியது யார்? வெள்ளை சர்க்கார் குமாவோன் காடுகளைத் தன் உடைமையாக்கிற்று. கட்டைக்கும் பிசினுக்கும் பைனைப் போற்றிற்று. விறகும் புல்லும் எடுத்த குடியானவனைக் குற்றவாளியாக்கிற்று. 1921இல் மக்கள் கொதித்தெழுந்து அந்தக் காடுகளுக்கே தீ வைத்தனர். அதன் பிறகே, 1931இல், வனப் பஞ்சாயத்து விதிகள் வந்தன. இன்று அங்கே 11,000க்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் உள்ளன. ஆனால் பணமும் அதிகாரமும் இன்னும் வனத்துறையின் பிடியில்தான்.

பைன் மரம் நம் எதிரியல்ல. கோடைக்கு முன் சருகைக் கூட்டி அள்ள வேண்டும்; தீத்தடுப்புப் பாதைகளைத் துப்புரவாக்க வேண்டும்; ஈரம் காக்கும் ஓக் மரங்களைப் பைனுக்கிடையே வளரவிட வேண்டும். வழி தெரியாமல் காடு எரியவில்லை. இவை அத்தனையும் உழைப்பாளியின் கை செய்யும் வேலை. அந்தக் கைக்குக் கூலி தரத்தான் சர்க்காருக்கு மனமில்லை. 2024 மே மாதம், காடு எரியும்போது வன ஊழியரைத் தேர்தல் வேலைக்கு அனுப்பியது ஏன் என்று சுப்ரீம் கோர்ட்டே கேட்க நேர்ந்தது. சருகு கிலோவுக்கு 50 ரூபாய் என்று மாநில சர்க்கார் அறிவித்ததும் அதே மாதத்தில்தான். தீ பரவிய பிறகுதான்!

நாம் கேட்பது இதுதான்: சருகு அள்ளும் பெண்களுக்கு மாதம் தவறாமல் நியாயக் கூலி கொடு! தீயணைப்போருக்குத் தக்க உடையும் கருவியும் நிரந்தர வேலையும் கொடு! மாண்டவர் குடும்பத்தைக் காப்பாற்று! வனப் பஞ்சாயத்துக்கு மெய்யான அதிகாரம் கொடு!

மில்லில் இயந்திரத்துக்குக் காவலில்லாமல் கை இழந்தவனுக்கும், வயலில் விஷமருந்து தெளித்துச் சாய்ந்தவனுக்கும் பின்சர் சாவின் பொருள் விளங்கும். காட்டைக் காப்பவனைக் காக்காமல் காட்டைக் காக்க முடியாது.