பாடத்திட்டத்தில் உமறுப் புலவர் எங்கே?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் ஒரே கேள்விதான்: எந்த இன்ஜினியரிங் காலேஜ்? மார்க் குறைந்தால் பாலிடெக்னிக். அதுவும் கிடைக்காவிட்டால், "வேறு வழியில்லை, பி.ஏ.வில் சேர்த்துவிட்டோம்" என்று வாப்பா தலைகுனிந்து சொல்கிறார். தமிழும் வரலாறும் படிப்பது அவமானம் என்ற நிலை நமக்கு எப்படி வந்தது?

இதற்கு நாம் கொடுக்கும் விலையைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2022-23 கல்வியாண்டில் பொறியியல் முதலாண்டு மாணவர்களுக்குத் 'தமிழர் மரபு' என்ற பாடத்தைக் கொண்டுவந்தது. வாரம் ஒரு மணி நேரம். தொழிற்கல்வி பயில்பவனுக்கும் இலக்கியமும் கலையும் வரலாறும் வேண்டும் என்ற அந்த முடிவு வரவேற்கத்தக்கதே. அந்தப் பாடத்திட்டத்தின் முதல் அலகில் சங்க இலக்கியம் உண்டு; திருக்குறள் உண்டு; பௌத்த, சமணத் தாக்கம் உண்டு; ஆழ்வார், நாயன்மார் உண்டு; பாரதியாரும் பாரதிதாசனும் உண்டு. 5,000 பாடல்களுக்கு மேல் கொண்ட சீறாப்புராணம்? அதைப் பாடிய உமறுப் புலவர்? 1572இல் எழுந்த ஆயிர மசலா? தலைப்புகளில் அவற்றின் பெயரே இல்லை!

கண்டன ஆர்ப்பாட்டம் நடத்த நமக்குத் தெரியும். ஆனால் பாடத்திட்டம் எழுதப்படுவது தமிழும் வரலாறும் கற்ற பேராசிரியர்கள் அமரும் மேசையில். அந்த மேசைக்கு நாம் எத்தனை பேரை அனுப்பியிருக்கிறோம்? இலங்கையில் பிறந்த பேராசிரியர் ம.மு. உவைஸ், தமிழ் படித்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து, பேராசிரியர் அஜ்மல் கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதித் தந்தார். ஆயிரம் மேடைப் பேச்சுகள் செய்யாத வேலை அது.

2025இல் வக்ஃப் சட்டம் திருத்தப்பட்டது. வக்ஃப் சொத்துகளின் விவரங்களை 6 மாதத்துக்குள் உமீத் இணையத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்றார்கள். பழைய சாசனத்தைப் படிக்கவும், ஆவணக் காப்பகத்தில் தேடவும், சட்டத்தின் மொழியில் எழுதவும் ஆள் வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பத்திரத்தை வாசிக்கத் தெரிந்தவர் எங்கே?

"பி.ஏ. படித்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லோருக்கும் வேலை நிச்சயம் என்று பொய் சொல்ல மாட்டோம். இன்ஜினியரிங் முடித்த எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டதா? ஐ.ஏ.எஸ். தேர்வுக்கும் குரூப் 1 தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். பட்டம் முடித்தபின் 3 ஆண்டு சட்டம் படித்து வழக்கறிஞர் ஆகலாம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காதவனின் மற்ற விடைகள் கணக்கில் வராது. 2007 முதல் நமக்கு 3.5 விழுக்காடு தனி இட ஒதுக்கீடு இருக்கிறது. போராடிப் பெற்ற அந்தக் கதவின் வழியே உள்ளே போக ஆள் தயாராக வேண்டாமா? பயனுள்ள கல்வியை அல்லாஹ்விடம் கேட்கும் சமுதாயம் நாம். பயன் என்றால் சம்பளம் மட்டும்தான் என்று யார் சொன்னது?

வணிகப் பெருமக்களே! 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியையும் சென்னையில் புதுக்கல்லூரியையும் எழுப்பியதில் உங்களைப் போன்ற வணிகர்களின் பொருள் இருக்கிறது. அவை கலைக் கல்லூரிகள்! இன்று நீங்கள் 10 பேருக்கு உதவித்தொகை கொடுத்தால், அதில் 2 பேராவது தமிழ், வரலாறு, சட்டம், இதழியல் படிப்பவர்களாக இருக்கட்டும். ஜமாஅத் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே போடுங்கள்.

பொறியியல் படிக்கும் தம்பிகளே! அந்த ஒரு மணி நேர வகுப்பைக் கேன்டீனில் கழிக்காதீர்கள். சீறாப்புராணத்தைக் கையில் எடுத்துச் சென்று, "ஐயா, இதுவும் தமிழர் மரபுதானே?" என்று ஆசிரியரிடம் அடக்கத்தோடு கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், உங்கள் தம்பி தங்கைகளில் ஒருவர் நாளை அந்த மேசையில் அமர்ந்து அதைச் சேர்ப்பார்.