திண்ணை போன தெருவும் தீட்டிய சுவரும்

சென்னை மாநகரில் இப்போது சுவர்களுக்கு நல்ல காலம் பிறந்திருக்கின்றது. பாலங்களின் தூண்களிலும் பள்ளிகளின் மதில்களிலும் தொடர்வண்டி நிலையங்களின் புறச்சுவர்களிலும் ஆளுயரப் பூக்களும் பறவைகளும் முகங்களும் தீட்டப்படுகின்றன. காண்பார் கண்ணுக்கு அவை இனியவே. தீட்டிய கைகளைக் குறைகூற நாம் வரவில்லை. சுவருக்கு வந்த நல்ல காலம் வீட்டிற்கு வந்ததா, அவ் வீட்டில் வாழும் தமிழனுக்கும் அவன் வாயில் வாழும் தமிழுக்கும் வந்ததா என்பதே நம் வினா. வரவில்லை என்பதே நம் விடை.

திருவல்லிக்கேணியிலோ மயிலையிலோ இன்றும் எஞ்சி நிற்கும் பழைய வீடு ஒன்றன்முன் நின்று பாருங்கள். தெருவை ஒட்டித் திண்ணை. அதன்மேல் மரத்தூண் தாங்கும் சார்ப்பு. திண்ணையைக் கடந்தால் நிலைப்படி. படியைக் கடந்தால் இடைகழி. அதனையும் கடந்தால் கூடமும் வானம் பார்த்த முற்றமும். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். பின்னே அடுக்களை, கிணறு, புழக்கடை. சுவரிற் பதிந்த மாடக்குழியில் விளக்கு. மேலே பரண். ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒரு பெயருண்டு. அப் பெயர் தன் பொருளைத் தானே உரைக்கும். இடையே கழிந்து செல்லும் வழி இடைகழி. கால் என்பது காற்று, அதர் என்பது வழி; காற்று வரும் வழியைக் காலதர் என்றான் தமிழன். சிலப்பதிகாரம் ஆண்ட அச் சொல்லைக் கைவிட்டு, போர்த்துக்கீசியன் கப்பலில் வந்த 'சன்னலை' நாம் சுவர்தோறும் பொருத்திக்கொண்டோம்.

இவ் வீடு அழகுக்காக மட்டும் இவ்வாறு அமைந்ததன்று. சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழும். அவ்விடத்தை நிரப்பத் தெருப்பக்கத்துத் தண்காற்று இடைகழி வழியே உள்ளே வரும். கூரையில் விழுந்த மழைநீர் முற்றத்தில் இறங்கும். சுவரிலே சுண்ணச்சாந்து, அச் சாந்திலே கடுக்காய்நீரும் வெல்லமும் சேர்ந்த பிணைப்பு. மாடிவீடு கட்டியோர் மரச்சட்டங்களை நெருக்கிப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சாந்திட்டுக் குத்துவாட்டில் மூலைவாட்டமாக அடுக்கி, அதன்மேல் செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி அடித்து இறுக்கி, தட்டோடு பதித்து முடித்தனர். இக் கூரைமுறைக்கு ஆங்கிலப் பொறிஞரே இந் நகரின் பெயரை இட்டு, 'மெட்ராசு டெரசு' என்று வழங்கினர். கற்க வந்தவன் பெயரிட்டு மதித்தான். கையிலே வைத்திருந்தவன் மறந்தான்.

மழையிரவில் திருக்கோவலூர் இடைகழி ஒன்றில் ஆழ்வார் மூவர் நெருக்கி நின்ற கதையை எம் வகுப்பில் நடத்தியபோது, சென்னையிலேயே பிறந்து வளர்ந்த மாணவன் ஒருவன் எழுந்து, “இடைகழி என்றால் காரிடாரா ஐயா?” என்றான். வகுப்பு சிரித்தது, எமக்குச் சிரிப்பு வரவில்லை. அவன்மீது என்ன பிழை? அவன் வாழும் வீட்டில் இடைகழி இல்லை. அவன் பார்த்தறியாப் பொருளின் பெயரை அவன் எங்ஙனம் அறிவான்? பொருள் போனபின் சொல்லை அகரமுதலியில் அடைத்துக் காப்பது, கிணற்றைத் தூர்த்துவிட்டுக் கயிற்றைக் காப்பதை ஒக்கும். தனித்தமிழ் இயக்கம் 1916-இல் மறைமலையடிகளால் தொடங்கப்பெற்ற நாள்தொட்டு நாம் ஏட்டிலும் மேடையிலும் சொற்களை மீட்டு வந்துள்ளோம். அச் சொற்கள் குடியிருந்த வீடுகளோ நம் கண்முன்னே இடிபட்டு வந்துள்ளன.

திண்ணையைக் கொன்றவர் யார்? முதற்கொலை தெருவிலே நடந்தது. தேய்ந்த சாலையைச் சுரண்டி எடுக்காமல், அதன் தலைமேலேயே புதுத்தாரைக் கொட்டிக் கொட்டிச் சென்னைத் தெருக்களை ஆண்டுதோறும் உயர்த்தினர். மூன்று படியேறித் திண்ணையில் அமர்ந்த காலம்போய், இரண்டு படியிறங்கி வீட்டிற்குள் புகும் காலம் வந்தது. உட்காரும் திண்ணை தெருமட்டத்திற்கு வந்தது; தெருமட்டத்திலிருந்த கூடம் குழியாயிற்று. 2015 திசம்பர்ப் பெருவெள்ளத்தில் நீர் முதலில் புகுந்தது இத்தகைய வீடுகளில்தான். பழைய தாரைச் சுரண்டி எடுத்தபின்னரே புதுச்சாலை இடவேண்டும், சாலையின் மட்டம் உயரலாகாது என்று தமிழ்நாட்டரசின் தலைமைச் செயலாளர் 2021-இல் அறிவுறுத்தினார். நல்ல ஆணை, ஆனால் அதற்குமுன் புதைந்த திண்ணைகளை எந்த ஆணை தோண்டி எடுக்கும்?

இரண்டாம் கொலை வரைபடத்திலே நடந்தது. கட்டட விதிகள் முன்புறம் இடம்விடச் சொல்கின்றன. தீயும் நோயும் பரவாமற் காக்கும் விதியை நாம் எதிர்க்கவில்லை. விட்ட இடம் என்ன ஆயிற்று என்று கேட்கின்றோம். அங்கே ஆளுயர மதில் எழுந்தது. மதிலின் மேல் உடைந்த கண்ணாடி நட்டனர். உள்ளே ஊர்தி நின்றது. அடுக்ககம் வந்தபின் தரைத்தளம் முழுமையும் ஊர்திக்கே உரியதாயிற்று. முன்பு வழிப்போக்கன் அமர்ந்த இடத்தில் இன்று வண்டி இளைப்பாறுகின்றது. வழிப்போக்கனோ நிழலின்றி நடக்கின்றான்.

மூன்றாம் கொலை பெயரிலே நடந்தது. அடுக்ககம் எழுப்பும் நிறுவனத்தார் தம் கட்டடங்களுக்கு இங்கிலாந்தின் தோட்டப் பெயர்களையும் இத்தாலியின் ஊர்ப்பெயர்களையும் சூட்டுகின்றனர். அவற்றுள் குடிபுகும் தமிழன் பால்கனியில் நிற்கின்றான், பெட்ரூமில் உறங்குகின்றான், கிச்சனில் உண்கின்றான். கூடம் 'ஆல்' ஆயிற்று; நல்லவேளையாக இன்னும் விழுது இறங்கவில்லை! கடைத்தெருவிற்கு வந்தாலோ, பெயர்ப்பலகைகளில் தமிழ் ஐந்து பங்கும் ஆங்கிலம் மூன்று பங்கும் பிறமொழி இரண்டு பங்கும் இருக்கவேண்டும் என்னும் விதி உள்ளது. பலகையின் மூலையில் எறும்பூர்வது போன்ற தமிழைக் காண்போர்க்கு, அவ் விதி எத்துணைப் பேரால் மதிக்கப்படுகின்றது என்பது தானே விளங்கும்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு வினவலாம்: “நீவிர் புகழும் திண்ணையில் எல்லாரும் அமர முடிந்ததா? குலம் கேட்டன்றோ அமரவிட்டனர்?” மெய்தான். அதனை மறைப்பவன் தமிழனல்லன். மேட்டுக்குடித் தெருக்களின் திண்ணைகள் எத்தனையோ பேரைத் தெருவிலேயே நிறுத்தின. எத்தனையோ பேரைத் தெருவிற்குள்ளேயே விடவில்லை. ஆனால் அக் குற்றம் மேடையினுடையதன்று. அதன்மேல் அமர்ந்திருந்தவன் நெஞ்சினுடையது. பொதுக்கிணற்றில் நீரெடுக்க உரிமை மறுத்தனர் என்பதற்காக நாம் கிணறுகளைத் தூர்க்கவில்லை, உரிமையை வென்றோம். அவ்வாறே திண்ணையையும் எல்லார்க்கும் உரியதாக்குதலே அறம். திண்ணையை இடித்து மதிலெழுப்பியவன் தீண்டாமையை ஒழிக்கவில்லை. அதற்கு இரும்புக் கதவும் காவலாளியும் அமர்த்திக்கொண்டான்.

இன்னொருவர் வினவலாம்: “அயலார் கலை எதுவுமே வேண்டாவோ?” அவ்வாறு நாம் சொல்லவில்லை. 1930-களிலும் 1940-களிலும் தியாகராய நகரிலும் மயிலையிலும் எழுந்த வீடுகளைக் காண்க. வளைந்த மாட முகப்பும், கதிரவன் எழுவது போன்ற இரும்புக் கம்பி வேலைப்பாடும் மேலைநாட்டிலிருந்து வந்தவையே. ஆயினும் நம் கொத்தனார் அவற்றைத் தம் சுண்ணச்சாந்திற் குழைத்து, கைப்பிடிச் சுவரின் நடுவே வீட்டின் பெயரையும் கட்டிய ஆண்டையும் பொறித்து, திண்ணையையும் விடாமல் வைத்துத் தம்முடையதாக்கினர். கடற்கரையில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வங்கத்தில் பிறந்தவர். பாறையைப் பெயர்க்கும் அந் நால்வரின் தசைமுறுக்கில், 1923-இல் அதே கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய ஊரின் உயிர்ப்பு இருக்கின்றது. அதனை அயலது என்று எந்தத் தமிழன் தள்ளுவான்? உண்டு செரித்தது உடம்பாகும், செரியாதது நோயாகும். நாம் எதிர்ப்பது செரியாமையையே.

கையால் எழுதிய பெயர்ப்பலகைக்கும் கையால் தீட்டிய பெரும் பதாகைக்கும் ஒருகாலத்தில் சென்னை பெயர்பெற்றிருந்தது. எழுத்தின் வளைவை அறிந்த ஓவியர் தெருவுக்குத் தெரு இருந்தனர். நெகிழித்தாளில் பொறியே அச்சிடும் முறை வந்தபின் அவர்தம் தூரிகைகள் காய்ந்தன. அப் பதாகைகளோ ஆளையும் கொன்றன. 2019 செத்தம்பரில் பள்ளிக்கரணைச் சாலையில் பதாகை சரிந்து விழுந்ததால் ஓர் இளம்பெண் உயிரிழந்ததை நாடறியும்.

இனி, ஓவியம் தீட்டிய சுவர்களுக்கு வருவோம். ஆற்றங்கரைகளிலும் கால்வாயோரங்களிலும் வாழ்ந்த உழைக்கும் மக்களைப் பெயர்த்து, நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் 2000-ஆம் ஆண்டளவில் தொடங்கிக் குடியேற்றினர். அங்கே 15,000-க்கு மேற்பட்ட குடியிருப்புகள் எழுந்தன. அவ்வூருக்குக் கண்ணகி நகர் என்று பெயரிட்டனர். முறைகேட்டு மன்னன் வாயிலில் நின்றவள் பெயர், முறைகேட்க வழியற்றவர் ஊருக்கு! 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் நிறுவப்பட்ட கண்ணகி சிலையும் 2001 திசம்பரில் அகற்றப்பட்டது. 2006 சூன் திங்களில் மீண்டும் நிறுவப்பட்டது. கல்லாய் நின்ற கண்ணகி ஐந்தாண்டு நிறையுமுன் தன் இடத்திற்குத் திரும்பினாள். கண்ணகி நகரில் வாழ்வோர் திரும்பவில்லை.

அக் குடியிருப்பின் புறச்சுவர்களில் 2020-ஆம் ஆண்டளவில் உள்நாட்டு ஓவியரும் வெளிநாட்டு ஓவியரும் கட்டடத்தின் உயரத்திற்கே ஓவியங்கள் தீட்டினர். அங்கு வாழும் குழந்தைகளின் சிரித்த முகங்களும் அவற்றுள் உள. தம் ஊரை இழிவாகப் பேசியோர் இப்போது வியந்து பார்க்கின்றனரே என்று அங்குள்ளோர் மகிழ்ந்திருப்பின், அம் மகிழ்ச்சியை நாம் குறைக்க மாட்டோம். ஆயினும் கேட்கவேண்டியதைக் கேட்டேயாகவேண்டும். சுவரின் வெளிப்புறம் ஓவியர்க்கு, உட்புறம் யாருக்கு? சமைப்பதும் படிப்பதும் உறங்குவதும் நோயுற்றுக் கிடப்பதும் ஒரே சிற்றறையில் நடக்கும் வீட்டிற்குப் புறச்சுவரில் பூ எதற்கு? மாடியேற மாட்டாத முதியவர் மாலையில் அமர ஒரு திண்ணை உண்டா? பெண்கள் புழங்கவும் பிள்ளைகள் விளையாடவும் முற்றம் உண்டா? வேலைக்குச் செல்ல அருகே வழியுண்டா? இவையெல்லாம் அமைத்தபின் தீட்டினால் அது கலை. இவை இல்லாதபோது தீட்டினால், பசித்தவன் வயிற்றில் சந்தனம் பூசியதாகும்.

மெய்யான தெருக்கலை யாதெனில், விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துத் தமிழ்ப் பெண் இடும் கோலமே. அரசு பணம் தரவில்லை. எந்த நிறுவனமும் பெயர் பொறித்துக்கொள்ளவில்லை. நாள்தோறும் பிறந்து நாள்தோறும் அழிந்து, புள்ளியும் கோடுமாய்த் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் அக் கலைக்கு வேண்டியது நான்கு முழ மண்ணும் ஒரு நிலைப்படியுமே. அந்த நான்கு முழத்தையும் அடுக்ககம் பறித்தது. இன்று கோலம் நெகிழித்தாளில் அச்சாகிக் கதவின்முன் ஒட்டிக்கிடக்கின்றது. மிதிக்க மட்டும் உதவுகின்றது.

ஆகவே நாம் கேட்பன இவை. சாலையைச் சுரண்டி இடும் ஆணை எல்லாத் தெருக்களிலும் வழுவாது நிறைவேறல் வேண்டும். முன்புறம் விடும் இடத்தில் தெருவை நோக்கித் திண்ணை அமைப்போர்க்கு விதியிலே இடமும் வரியிலே சலுகையும் தரல் வேண்டும். அரசு கட்டும் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் பொது முற்றமும் தரைத்தளத் திண்ணையும் கட்டாயமாதல் வேண்டும். கட்டட வரைபடங்களிலும் உரிம ஆவணங்களிலும் உறுப்புகளின் பெயர் தமிழில் எழுதப்படல் வேண்டும். பொதுச்சுவரில் தீட்டும் ஓவியத்தின் கீழே அதன் பெயரும் ஓவியர் பெயரும் தமிழில் இருத்தல் வேண்டும். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர்க்கும் அவ் வேலையில் பங்கு தரல் வேண்டும். இவை நடவாதவை என்பார், 2003-ஐ நினைத்துப் பார்க்க. மழைநீர் சேகரிக்கும் அமைப்பில்லாத கட்டடம் இருத்தலாகாது என்று அவ்வாண்டில் அரசு சட்டம் செய்தது. வீடுகள்தோறும் அது வந்தது. வானத்து நீருக்கு இடம் ஒதுக்கச் செய்த அரசால், தெருவில் நடக்கும் மாந்தனுக்கு இடம் ஒதுக்கச் செய்ய இயலாதோ?

தமிழ்ப் பெருமக்களே! அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டா. புதுவீடு கட்டுவோர் நம்முள் ஆண்டுதோறும் உளர். மனை வாங்கியவுடன் மதிலுக்குக் கணக்குப் போடுகின்றீர். அக் கணக்கில் ஒரு பங்கைத் திண்ணைக்கு ஒதுக்குங்கள். பொறிஞர் 'சிட்-அவுட்டு' என்று வரைந்து தந்தால், அதனை அடித்துத் திண்ணை என்று எழுதச் சொல்லுங்கள். வீட்டிற்குத் தமிழ்ப்பெயர் சூட்டி, கட்டிய கொத்தனாரின் பெயரையும் வாயிலிற் பொறியுங்கள். கட்டி முடித்தபின் அத் திண்ணையைப் பூட்டி வைக்காதீர்கள்; வெயிலில் வருபவன் யாராயினும் அமரட்டும். அவன் அமர்ந்து, நீர் கேட்டு, பருகி எழுந்து, “நல்ல திண்ணை” என்று ஒரு சொல் சொல்லிப் போனால், அச் சொல் அன்று உயிரோடிருக்கும்.