திருஷ்டி கழிஞ்சுதா, மீன் செத்துச்சா?

வீட்டுத் தொட்டியில் மீன் செத்தால் நம்ம ஊரில் ரெடிமேட் ஆறுதல் ஒன்று உண்டு. "விடுப்பா, வீட்டுக்கு வர இருந்த கஷ்டத்தை அது வாங்கிக்கிச்சு." போன மாதம் எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் ஒன்பது மீன் போனபோது பக்கத்து வீட்டு ஆன்ட்டி இதையேதான் சொன்னாங்க. ஒன்பது கஷ்டமா? எங்க வீட்டுல மொத்தமே நாலு பேர்தாங்க!

சரி, மேட்டருக்கு வருவோம்.

தொட்டியில் ஐந்து கப்பிகள் ஒரு வருடமாக நன்றாகத்தான் இருந்தன. தங்கச்சி கேட்டாளே என்று இன்னும் நாலு வாங்கினேன். கடைக்காரர் சொன்ன ஒரே அறிவுரை: "கவரைக் கால் மணி நேரம் மிதக்க விட்டு அப்படியே ஊத்திடு தம்பி." ஊற்றினேன். ஐந்தாம் நாள் துடுப்பெல்லாம் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. புதுசு, பழசு எல்லாம் காலி. தங்கச்சி பேர் வைத்து வளர்த்த 'பப்பு' கடைசியாகப் போனது. அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அந்தக் கால் மணி நேர மந்திரம் என்னதான் செய்கிறது? கவர்த் தண்ணீரின் சூட்டையும் தொட்டித் தண்ணீரின் சூட்டையும் சமமாக்குகிறது. அவ்வளவுதான். நோயை அது ஒன்றும் செய்யாது.

வெள்ளைப்புள்ளி ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கு அடியில் புகுந்து தின்று கொழுத்து, பிறகு உதிர்ந்து அடியில் போய் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கில் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்திப் போகும். மருந்து கேட்பது பெரும்பாலும் அந்த நீந்தும் கட்டத்தில் மட்டும்தான். 25 டிகிரியில் இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு வாரம், குளிர்ந்தால் இன்னும் அதிகம். அதாவது, கடையில் பளபளவென்று தெரிகிற மீன்கூட நோயைச் சுமந்துகொண்டு வரலாம். அதனால்தான் புது மீனைக் குறைந்தது 2 வாரம், முடிந்தால் 4 வாரம் தனியாக வைக்க வேண்டும் என்கிறார்கள்.

"ஒண்டுக்குடித்தனத்துல ரெண்டாவது தொட்டிக்கு எங்கடா போறது?" என்பீர்கள். தொட்டி யார் கேட்டது? 20 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். பழைய தொட்டியில் ஒரு மாதம் ஓடின ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்றை அதில் போடுங்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. தண்ணீரில் குளோரின் இருக்கக்கூடாது. டப்புக்குத் தனி வலை. பழைய தொட்டிக்குக் கவர்த் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது. மீனை மட்டும் வலையில் எடுங்கள்.

கூரியரில் மணிக்கணக்காக வந்த மீன் என்றால் திறந்த கவரிலேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்துகொண்டிருக்காதீர்கள். கவரைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா விஷமாகும். சூடு சமமானதும் சட்டென்று டப்புக்கு மாற்றுவதே நல்லது.

"எங்க மாமா இருபது வருஷமா அப்படியேதான் ஊத்துறார், ஒண்ணும் ஆகல" என்று ஒரு நண்பன் சொன்னான். ஹெல்மெட் போடாத மாமாக்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் தெரியும். வரிசையாக மீன் கடைகள். ஒரே வலை எத்தனை தொட்டியில் முங்கி எழுகிறது என்று அங்கே மட்டுமில்லை, உங்கள் தெருக்கடையிலும் நின்று பாருங்கள். கடைக்காரருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் செத்த மீனுக்குப் பதில் இன்னொன்று வாங்க நாம் திரும்ப வருவோம் என்பதும் தெரியும். நாமும் திருஷ்டி மேல் பழியைப் போட்டுவிட்டு அதே கவரோடு திரும்புகிறோம். கஷ்டத்தை மீன் வாங்கவில்லை மக்களே, நாம்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இரண்டு வாரம் பொறுமை இல்லாதவர்கள் சுவரில் மீன் படம் ஒட்டிக்கொள்ளலாம். அதுக்குத் தீனிகூட வேண்டாம்.

டிஸ்கி: தொட்டி இப்போது காலி. மீன் இல்லாவிட்டால் ஒட்டுண்ணி பட்டினியில் சாகும். தினமும் ஒரு சிட்டிகைத் தீனி மட்டும் போடுகிறேன், பாக்டீரியாவுக்காக. "மீனே இல்லாத தொட்டிக்குச் சாப்பாடா?" என்று அம்மா ஒரு மாதிரி பார்க்கிறாங்க. தங்கச்சி மட்டும் காலண்டரில் நாளை அடித்துக்கொண்டிருக்கிறாள்.