ஷட்டில் ஆடினால் வானவில்

பொங்கலுக்குக் களமருதூர் போயிருந்தேன். மாமா பையன் (வயசு 26, சோடாபுட்டி, உளுந்தூர்ப்பேட்டையில் ஆபீஸ் உத்தியோகம்) ஷட்டில் ஆடிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தான்.

"மச்சான், டியூப்லைட்டைச் சுத்தி வானவில் தெரியுது!"

"பனிடா" என்றேன், மேதாவியாக.

"ஆடினாத்தான் வருது. கொஞ்ச நேரத்துல போயிடுது."

கண்ணாடிக்கடையில் காட்டினானாம். பவர் ஏறியிருக்கு என்று புதுக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். வானவில் இன்னும் பளிச்சென்று தெரிந்ததுதான் மிச்சம்!

மறுவாரமே விழுப்புரம் மாறி, புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டர் ஸ்லிட் லாம்ப்பில் பார்த்தார். கண்மேல் ஒரு லென்ஸ் வைத்து மூலைமுடுக்கெல்லாம் ஆராய்ந்தார். அழுத்தம் 32. பொதுவாக 21 தாண்டக்கூடாதாம்.

"டீ வடிகட்டி அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்?" என்றார்.

விஷயம் இதுதான். கண்ணுக்குள் எந்நேரமும் நீர் ஊறி, ஓரத்திலுள்ள ஒரு சல்லடை வழியே வடிகிறது. சிலருக்கு ஐரிஸ் என்கிற வண்ணத்திரை பின்பக்கமாகக் குழிந்து, லென்ஸைத் தாங்கும் இழைகளில் உரசும். நிறத்தூள் உதிர்ந்து சல்லடையை அடைக்கும். குதித்து ஆடினால் கூடுதலாக உதிரும். அழுத்தம் ஏறும், வானவில் உதயம்! தூள் கார்னியாவின் உள்பக்கம் செங்குத்தாகக் கோடு போட்டு ஒட்டியிருக்கும். 1899-ல் க்ருக்கன்பெர்க் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதிவைத்த அடையாளம்.

நம்மூர்க் கண்களுக்கு இது அபூர்வம்தான். ஆனால் வந்தால், கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்ட இளைஞர்களைத்தான் தேடி வரும். மற்ற வகை க்ளாக்கோமா அபூர்வமில்லை. அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் தமிழகத்தின் தென்பகுதியில் எடுத்து 2003-ல் வெளியிட்ட சர்வேயில், 40 வயது தாண்டியவர்களில் 100-க்கு 2.6 பேருக்கு இருந்தது. பெரும்பாலோருக்கு அதுவரை தெரியவே தெரியாது!

இவனுக்கும் தெரியவில்லை. ஃபீல்டு டெஸ்ட்டில், இடது கண்ணில் மூக்கோரமாக ஒரு துண்டுப் பார்வையைக் காணோம்.

"அது திரும்ப வருமா டாக்டர்?"

"வராது தம்பி. மிச்சத்தைக் காப்பாத்தலாம்."

பஸ்ஸில் களமருதூர் வரை அவன் பேசவில்லை.

இப்போது தினம் ராத்திரி ஒரு சொட்டு மருந்து. போதாவிட்டால் சல்லடைக்கு லேசர்; நிறத்தூள் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் சக்தியைக் குறைத்து வைப்பார்களாம். அதற்கும் மசியாவிட்டால் ஆபரேஷன்.

பவர் பார்ப்பது வேறு, கண்ணைப் பார்ப்பது வேறு ஸார். சோடாபுட்டி நண்பர்களே, அடுத்த தடவை கண் டாக்டரிடம் 'பிரஷரும் பாருங்க' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பையன் டாக்டர் அனுமதியோடு ஷட்டில் ஆடுகிறான். நேற்று போனில் கேட்டேன்.

"வானவில்லா? மழை வந்தாத்தான் மச்சான்!"