அவையில் ஒலிக்கும் சொல்

“நம் உறுப்பினர் மன்றத்தில் எழுந்து பேசினால் மட்டும் என்ன நடந்துவிடப் போகிறது?” இவ்வாறு சலித்துக்கொள்வோரை நாம் எங்கும் காண்கிறோம். கீழ்பென்னாத்தூர் மக்கள் இவ்வாறு கேட்பதற்கு முன் சற்றுச் சிந்திப்பது நலம். 2021 மே திங்களில் தமிழகச் சட்டப் பேரவையின் துணைத் தலைவராகத் தேர்வுபெற்றவர் அப்போது இத்தொகுதியின் உறுப்பினராயிருந்த கு. பிச்சாண்டி அவர்களே. இதற்கும் முந்தியதொரு வரலாறு திருவண்ணாமலைச் சீமைக்கு உண்டு.

1957-இல் மக்களவைக்குச் சென்ற தி.மு.கழகத்தார் இருவரே. ஒருவர் நாமக்கல்லிலிருந்து சென்ற ஈ.வெ.கி. சம்பத்; மற்றவர் திருவண்ணாமலையிலிருந்து சென்ற இரா. தர்மலிங்கம். ஏறத்தாழ ஐந்நூறு பேர் கொண்ட அவையில் இருவர் எம்மாத்திரம் என்றே எவரும் எண்ணுவர்.

அக்காலத்தில் நாட்டை வாட்டிய வினா ஆட்சிமொழி பற்றியது. ஆங்கிலோ இந்தியச் சமூகத்தின் நியமன உறுப்பினராயிருந்த பிராங்க் அந்தோணி, ஆங்கிலத்தையும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்க்க வேண்டுமென 1959-இல் தீர்மானம் கொணர்ந்தார். தீர்மானம் நிறைவேறவில்லை. ஆயினும் அதன் விவாதத்தில், அவ்வாண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், பிரதமர் நேரு, இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என உறுதி கூறினார். மறு ஆண்டு அவ்வுறுதியைச் சம்பத் அவர்களுக்குக் கடித வாயிலாகவும் அவர் அளித்தார்.

1963-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது, ஆங்கிலம் “தொடரலாம்” என்று மட்டுமே அதில் கண்டிருந்தது. “தொடர வேண்டும்” என இருத்தல் வேண்டுமென மாநிலங்களவையில் அறிஞர் அண்ணா வாதாடினார். அவர் வாதம் அன்று ஏற்கப்படவில்லை. ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டனர். அச்சொல் விட்டுவைத்த ஐயம் 1965-இல் தமிழகத்தில் தீயாய் மூண்டது. உயிர்கள் பல மாய்ந்தன. அதன் பின்னரே, 1967-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் இசைந்து தீர்மானம் இயற்றும் வரை ஆங்கிலம் நீடிக்குமென வகை செய்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? தோற்ற தீர்மானமும் வீணாகவில்லை. அமைச்சர் அவையில் சொன்ன சொல் ஏட்டில் ஏறிவிடுகிறது. பின்னாளில் அதைக் காட்டி நீதி கேட்க இயலுகிறது. வீதியில் எழுந்த குரலும் இறுதியில் அவையில்தான் சட்டமாயிற்று. அவை உரிய வேளையில் செவி சாய்த்திருந்தால் அவ்வுயிர்கள் தப்பியிருக்கலாமே என்ற ஏக்கம் மட்டும் எஞ்சி நிற்கிறது.

ஆகவே, வாக்களித்ததோடு நம் கடமை முடிந்தது எனக் கருதலாகாது. ஏரி தூர்ந்ததோ, பள்ளியில் ஆசிரியர் இல்லையோ, கூட்டத் தொடர் தொடங்குமுன் நாளும் அளவும் குறித்து உறுப்பினருக்கு எழுதுவோம். வினா நேரத்தில் அதை அவர் எழுப்பினாரா என்று பின்னர் அவைக் குறிப்பைப் பார்ப்போம். எழுப்பியிருந்தால் நன்றி கூறுவோம், இல்லையேல் மீண்டும் எழுதுவோம். உறுப்பினர் அவையில் பேச வேண்டுமாயின், நாம் வீட்டில் வாளாவிருத்தல் ஆகாது.