எண்ணும் உடலும்

நம் முதியோரின் விரலிலும் மணிக்கட்டிலும் கருவிகளை அணிவித்து, வீட்டிலிருக்கும் அவர்களை வைத்தியசாலையிலிருந்தே கண்காணிக்கும் முறை இன்று பரவி வருகின்றது. இதனை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது.

குருதியின் ஒட்சிசன் அளவைக் காட்டும் கருவி, தோலினூடே ஒளியைச் செலுத்தியே கணக்கிடுகின்றது. கருநிறத் தோலில் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கருவி தவறவிட்ட ஒட்சிசன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்காகும்.

நம்மிற் பலரும் கருநிறத்தவரே. அந்நாட்டு மொழியறியாத தாயின் மூச்சுத்திணறலை எண் மறைத்துவிட்டால், பிள்ளைகளன்றி அவருக்காக யார் பேசுவார்? எண்ணை மட்டும் நம்பாது, உடல் படும் துன்பத்தை வைத்தியரிடம் எடுத்துரைப்போம். எல்லா நிறத்தவரிடமும் சோதிக்கப்பட்ட கருவிகளையே கோருவோம்.