காற்றின் வழியை அடைப்பவர்கள்

தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய பழைய தெருக்களில் மர ஜன்னல்கள் பெயர்க்கப்படுகின்றன. சாய்ந்த பட்டைகள் வைத்த தேக்குக் கதவுகள் பழைய மரக்கடைக்குப் போகின்றன. அவை இருந்த இடத்தில் யுபிவிசி எனப்படும் வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டங்கள் ஏறுகின்றன. இதற்குப் புதுப்பித்தல் என்று பெயர். நாங்கள் மறுக்கிறோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் ஜன்னலுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்காகச் சொல்லிலிருந்தே தொடங்குகிறோம். சிலப்பதிகாரத்தில் ஜன்னலுக்குக் காலதர் என்று பெயர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. 'ஜன்னல்' போர்த்துக்கீசியரின் 'ஜனேலா'. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தவர்கள் அவர்கள். 1658இல் டச்சுக்காரர்கள் அவர்களைத் தூத்துக்குடியிலிருந்து வெளியேற்றினார்கள். சாவி, அலமாரி, மேசையோடு ஜன்னலும் நம் மொழியில் தங்கிவிட்டது. கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அறிந்த கரை இது. இங்கே காற்றை மறிப்பதை வசதி என்று விற்கிறார்கள்.

அவர்களுடைய முதல் வாதம், உப்புக்காற்றில் மரம் கெடும், பிளாஸ்டிக் துருப்பிடிக்காது என்பது. பாதி உண்மை. பிளாஸ்டிக் துருப்பிடிக்காதுதான். அதற்குள் வலுவுக்காகச் செருகிய இரும்பும், திருகுகளும், தாழ்களும் துருப்பிடிக்கும். மர ஜன்னலில் உளுத்த அடிச்சட்டத்தை மட்டும் அறுத்தெடுத்துத் தச்சர் புதுத்துண்டு சேர்த்துவிடுவார்.

இரண்டாவது வாதம் அழகு. பக்கவாட்டில் நகரும் இரட்டைக் கண்ணாடி ஜன்னலை எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். பழைய கதவு முழுவதும் திறக்கும். மூடினாலும் பட்டைகளின் இடுக்கில் காற்று வரும், வெயில் வராது. மீதிப் பாதிக் காற்றை ஏசியிடம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

சுவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இக்கரையின் பழைய சுவர்கள் பல பவளக்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனவை. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளை வெட்டியதில் தீவுகளே கடலில் மூழ்கின. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தன. இனி அப்படியொரு சுவரை எவரும் கட்ட முடியாது, கட்டவும் கூடாது. அந்தச் சுவரில் சுத்தியலால் அடித்துச் சட்டத்தைப் பெயர்த்து, இடைவெளியைச் சிமெண்டால் அடைக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் வெளிவிட வேண்டிய ஈரம் சிமெண்டின் ஓரத்தில் தேங்குகிறது. அங்கே உப்புப் பூத்துச் சுவர் உதிர்கிறது.

நாங்களும் குற்றவாளிகளே. எங்களில் ஒருவரின் பூர்வீக வீட்டில் மேற்குப்புற ஜன்னல்களை மாற்றினோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரம் போனபோது, ஒரு ஜன்னலின் உருளைகள் மணலில் இறுகி அசையவே இல்லை. அந்த அறையில் படுத்திருந்த பெரியவரைக் கிழக்கு அறைக்குத் தூக்கி வந்தோம். அங்கே பழைய ஜன்னல் இருந்தது.

கறையான் உண்டு, ஐப்பசி மழையில் மரம் உப்பிக் கதவு இறுகும், நல்ல தச்சர் கிடைப்பது அரிது. இவை பொய்யல்ல. ஆனால் இவை பழுதுபார்ப்பதற்கான காரணங்களே அன்றி, தூக்கி எறிவதற்கானவை அல்ல. பித்தளைக் கீல் போடுங்கள். கோடையில் மரம் காய்ந்திருக்கும்போது ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். கொசுவலைக்கு உட்புறம் தனிச்சட்டம் வையுங்கள். மாற்றியே தீரவேண்டுமென்றால், நகரும் ஜன்னல் வேண்டாம், கீலில் முழுதாய்த் திறப்பதை வாங்குங்கள். சுவரின் பூச்சுக்குச் சுண்ணாம்பையே கேளுங்கள்.

இடிந்த வீடுகளுக்கு இரங்கற்பா எழுதுவதில் நம் சிற்றிதழ்கள் சளைத்தவை அல்ல. அந்தக் கவிதைகளை எழுதியவர்கள், எங்களையும் சேர்த்து, தம் வீட்டு ஜன்னலை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். அது எவ்வளவு திறக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, பிறகு மரபைப் பற்றிப் பேசலாம்.